பரிசுக்குரிய படம்

ஆகஸ்டு மாதம் பிறந்துவிட்டால் காமிரா வைத்திருப்பவர்களுக்கும், கைப்பேசியையே காமிராவாகக் கொண்டவர்களுக்கும் ஒரு பரபரப்பு உண்டாகிவிடுகிறது. டாகேர் என்பவர் கண்டுபிடித்த புகைப்பட முறையைப் பிரெஞ்சு அரசாங்கம் 1839ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் தேதி உலகத்துக்கு வழங்கியதை முன்னிட்டு அந்தத் தேதியை உலகப் புகைப்பட தினமாகக் கொண்டாடுகிறார்கள். கொண்டாட்டம் என்றால் போட்டி, போட்டி என்றால் பரிசு, பரிசளித்த பின் மண்டபத்தில் ஒரு கண்காட்சி என்பது நம் சம்பிரதாயம். இத்தகைய கண்காட்சிகளை நெய்வேலியிலும் கடலூரிலும் சென்னையிலும் வெகு காலமாகப் பார்த்துவருகிற பழக்கத்தால், உள்ளே நுழையுமுன்பே சுவரில் என்ன தொங்கும் என்று சொல்லிவிடக்கூடிய ஒரு துர்ப்பாக்கியமான ஞானம் எனக்குச் சித்தித்திருக்கிறது.

முகமெல்லாம் சுருக்கம் விழுந்த ஒரு பாட்டி இருப்பாள். அலங்காநல்லூர்க் காளையின் திமிலைத் தழுவிய இளைஞன் இருப்பான். புளியமரக் கிளைகளினூடே விடியற்கால வெயில் கீற்றுக் கீற்றாக இறங்க, புழுதி கிளப்பிக்கொண்டு வரும் ஆட்டு மந்தை தவறாமல் இருக்கும். அந்த மந்தைக்காரருக்குப் பணம் கொடுத்து, வெயில் சரியாக விழும்வரை அதே பாதையில் ஆடுகளைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்வதும் உண்டு என்பது இந்த வட்டாரத்தில் பழகியவர்கள் அறிந்த ரகசியம். கீழே 'தனிமை', 'எதிர்பார்ப்பு', 'உழைப்பே உயர்வு' என்று ஒரு தலைப்பு. பாட்டியின் பெயர் என்ன, ஊர் எது, எந்த வருஷம் எடுத்தது என்று தேடினால் ஒரு வரி கிடையாது.

இதற்குப் படமெடுப்பவர்களை நான் நொந்துகொள்ளமாட்டேன். சென்ற வருஷம் எதற்குப் பரிசு கிடைத்ததோ அதை இந்த வருஷம் எடுப்பது மனித சுபாவம். தோஷம் நடுவர்களிடத்தில் இருக்கிறது. ஒரு படம் மனத்தில் எழுப்பும் பாவத்துக்கு மட்டுமே மதிப்பெண் போட்டுப் பழகியதன் விளைவை 2023இல் உலகமே பார்த்தது: போரிஸ் எல்டாக்சன் என்ற ஜெர்மானியர் செயற்கை நுண்ணறிவைக்கொண்டு உண்டாக்கிய இரண்டு பெண்களின் பழங்காலத்துச் சாயல் படத்துக்கு, சோனி உலகப் புகைப்பட விருதுப் போட்டியில் ஒரு பிரிவின் பரிசு அறிவிக்கப்பட, அவரே மேடையேறி, இது புகைப்படமே அல்ல என்று சொல்லிப் பரிசை மறுத்துவிட்டார். சோகத்தையும் ஏக்கத்தையும் இயந்திரம் இனிமேல் வேண்டிய அளவு தயாரித்துத் தரும். இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னார் நின்றார் என்று சாட்சி சொல்ல மட்டும் அதனால் ஆகாது.

அந்தச் சாட்சியத்துக்காகவே படமெடுத்தவர்கள் நம் மண்ணில் ஆதியிலேயே இருந்தார்கள். சென்னை ராஜதானியின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். எழுத்துகளைப் படிக்கவேண்டும் என்பதே அவர் நோக்கம். ஆயினும் இன்றைக்கு அதைப் பார்க்கிறவன் அதன் அழகில் மயங்காமல் இருக்கமுடியாது. 2016இல் தொடங்கிய சென்னை போட்டோ பியனாலே என்ற புகைப்படக் கண்காட்சி இந்த வழியை ஓரளவு உணர்ந்திருக்கிறது. ஒற்றைப் படத்துக்குப் பதில் வரிசையாகப் படங்களை வைக்கிறார்கள். 2019இல் பறக்கும் ரயில் நிலையங்களிலேயே மாட்டி, வேலைக்குப் போகிறவர்களும் பார்க்கும்படி செய்தார்கள். படத்தைவிட அதன் வியாக்கியானம் நீளமாக இருக்கிறது என்ற குறை எனக்கு உண்டு. என்றாலும் வியாக்கியானமே இல்லாத 'தனிமை'யைவிட அது எவ்வளவோ மேல்.

நெய்வேலிவாசியான எனக்கு இந்த மனத்தாங்கல் சற்று அதிகமாகவே இருக்கக் காரணம் உண்டு. 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கறுப்புப் பொருள், 1956இல் ஒரு பெரிய அரசாங்க ஸ்தாபனமாக உருவெடுத்து, 1957இல் நேரு வந்து தொடங்கிவைத்த சுரங்கமாக விரிந்து, கிராமங்களை இடம்பெயர்த்து, பூமியையே புரட்டிப்போட்ட ஊர் இது. ஜெர்மானிய பக்கெட் வீல் இயந்திரங்கள் மேல்மண்ணை இரவும் பகலும் அறுத்தெடுக்க, அடியிலிருந்து மேல்நோக்கி அழுத்தும் ஊற்றுநீரை ஓயாமல் இறைத்தால்தான் இங்கே நிலக்கரி எடுக்கமுடியும். சோவியத் உதவியோடு 1962இல் மின்சாரம் தரத் தொடங்கிய 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையம் 2020இல் முற்றாக ஓய்ந்தது. இத்தனைக்கும் நம்மவர்கள் போட்டிக்கு அனுப்புவது மயிலும், கொன்றைப் பூவும், புகைபோக்கிக்குப் பின்னால் சூரியன் விழுவதும்தான். சுரங்கத்துக்குள் காமிராவோடு போக அனுமதி வேண்டும், வாசலில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை நிற்கிறது, வாஸ்தவம். குவார்ட்டர்ஸுக்கும், ஷிப்ட் முடிந்து வருகிற பஸ்ஸுக்கும், மந்தாரக்குப்பம் கடைத்தெருவுக்கும் யார் காவல் போட்டார்கள்? 2023 ஜூலையில் வளையமாதேவியில், சுரங்கத்தின் பொருட்டுப் பரவனாற்றுக்கு வெட்டும் மாற்றுக் கால்வாய்க்காக, பச்சையாக நின்ற நெற்பயிருக்குள் மண்வாரி இயந்திரங்கள் இறங்கிய காட்சியைப் பத்திரிகைப் படக்காரர்கள் எடுத்தார்கள். அண்மைக் காலத்தில் இந்தப் பக்கத்திலிருந்து வெளிவந்த படங்களில் அதுவே பிரதானம் என்பது என் தீர்ப்பு. எந்தப் பரிசையும் எண்ணி எடுத்ததல்ல அது.

இப்படிப்பட்ட ஊரை எப்படி எடுப்பது என்பதற்கு முன்மாதிரி உண்டு. பெர்ன்ட் பெஹர், ஹில்லா பெஹர் என்ற ஜெர்மானியத் தம்பதி, தண்ணீர்த் தொட்டி, குளிர்விப்புக் கோபுரம், சுரங்கக் கோபுரம் இவற்றையே பல பத்து வருஷங்கள், வெயில் இல்லாத நாளாகப் பார்த்து, நேருக்கு நேர் எடுத்து, ஒரே அளவில் வரிசை வரிசையாக மாட்டினார்கள். 1990இல் வெனிஸ் கண்காட்சி அவர்களுக்குச் சிற்பத்துக்கான தங்கச் சிங்கத்தையே கொடுத்துவிட்டது! நம் டவுன்ஷிப்பின் ஒவ்வொரு வட்டத்திலும் ஒரே அச்சில் கட்டிய வீடுகள், குடியிருந்தவர்களின் கைவண்ணத்தால் முப்பது நாற்பது வருஷங்களில் வெவ்வேறு வீடுகளாகியிருப்பதை அந்த முறையில் எடுக்க ஒரு முக்காலியும் பொறுமையும் போதும்.

அதுகூட வேண்டாம். பழைய தொழிலாளர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் பிரிவுபசாரக் குரூப் போட்டோவைப் பாருங்கள். நடுவில் மாலையோடு ஓய்வுபெறுகிறவர். அவருக்கு இருபுறமும் நாற்காலியில் அதிகாரிகள், உத்தியோக வரிசைப்படி. பின்னால் நிற்பவர்கள் நிரந்தரத் தொழிலாளர். ஓரத்தில், சட்டத்துக்குள் பாதி தோளோடு, ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர். ஸ்தாபனத்தின் சரித்திரம் முழுவதும் அந்த வரிசைகளில் இருக்கிறது. 1998இல் தொடங்கி நடந்துவரும் நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியில் இந்தப் படங்களுக்காக ஒரே ஓர் அரங்கு ஒதுக்கினால், பரிசே இல்லாமல் கூட்டம் சேரும் என்று அமைப்பாளர்களுக்கு விண்ணப்பித்துக்கொள்கிறேன்.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஓய்வுபெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலிசெய்யும்போது முதலில் பழைய பேப்பர்க் கடைக்குப் போவது இந்தப் படங்கள்தான். தயவுசெய்து போடாதீர்கள், சட்டத்தைக் கழற்றி, படத்தின் பின்பக்கத்தில், அதிலிருப்பவர்களின் பெயர், பிரிவு, வருஷம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.