யார் யாரைத் தள்ளினார்?

காலையில் முதல் மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கையில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து பள்ளிக்கூடத்து வாசல் வரையில் ஓடுகிறோமே, அதற்கு மேல் ஓட்டத்தைப் பற்றி நமக்கு அநுபவம் கிடையாது. ஆயினும் சென்ற வாரம் நம் வீட்டில் மாரத்தான் ஓட்டத்தைப் பற்றிப் பெரிய தர்க்கம் ஒன்று நடந்தது. "ஓடுகிறவனுக்குக் குடும்பத்தார் வழியில் வந்து நின்று என்ன பிரயோஜனம்? கால் வலிப்பது அவனுக்குத்தானே?" என்று நம் புதல்வன் கேட்டான். "பரீட்சை எழுதினவன் நீதான், ராத்திரி கண் விழித்துக் காபி போட்டுக் கொடுத்தது யார்?" என்று அவன் தாயார் திருப்பிக் கேட்டாள். தர்க்கம் அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் நம் மனத்தில் மட்டும் அது ஓடிக்கொண்டே இருந்தது.

மாரத்தான் என்றால் 26 மைல் 385 கஜம். 1908-ம் வருஷத்தில் லண்டனில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில்தான் முதன்முதலாக இந்தத் தூரம் ஓடப்பட்டது. அன்று எல்லாருக்கும் முன்னதாக மைதானத்துக்குள் வந்தவர் டொராண்டோ பியட்ரி என்ற இத்தாலியர். வந்தவர் திசை தப்பினார், விழுந்தார், எழுந்தார், மறுபடியும் விழுந்தார். பார்க்கச் சகியாத அதிகாரிகள் கை கொடுத்துத் தூக்கி விட்டார்கள். அவர் முடிவுக் கோட்டைத் தாண்டியும் விட்டார். ஆனால் பிறர் உதவி பெற்ற காரணத்தால் அந்த வெற்றி செல்லாது என்று தீர்ப்பாயிற்று. மறுநாள் அலெக்ஸாண்டிரா ராணி அவருக்கு ஒரு கோப்பை பரிசளித்தார். தங்கப் பதக்கமோ பின்னால் வந்த அமெரிக்கருக்குப் போயிற்று.

கை கொடுத்தால் பந்தயம் போகிறது. கொடுக்காவிட்டால் மனிதனே போய்விடுவான் போலிருக்கிறது. இந்தச் சங்கடத்தில் குடும்பத்தார் என்னதான் செய்ய முடியும்?

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஓட்டம் 1897-ம் வருஷத்தில் ஆரம்பமாயிற்று. ஏப்ரல் மாதம் மூன்றாவது திங்கட்கிழமை அந்த மாகாணத்துக்கு விடுமுறை; ஹாப்கின்டன் என்ற சிற்றூரிலிருந்து பாஸ்டன் வரையில் சாலையோரம் எங்கும் ஜனங்கள் குழந்தை குட்டிகளுடன் வந்து நிற்பார்கள். ஆரஞ்சுச் சுளையும் தண்ணீரும் நீட்டுவார்கள். இருபது மைல் கடந்ததும் ஒரு மேடு வருகிறது. 'நெஞ்சுடைக்கும் குன்று' என்று அதற்குப் பெயர். பெரிய மலையொன்றும் அல்ல. ஆனால் உடம்பு சேமித்து வைத்திருந்த சர்க்கரைச் சத்தெல்லாம் கரைந்து போகிற நேரம் பார்த்து அது எதிரே வந்து நிற்கிறது! அந்த இடத்தில், பழகிய குரல் ஒன்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும், ஓய்ந்த கால் மறுபடியும் எழும். குரல் கொடுப்பதைக் குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இவ்வளவோடு நம் கட்டுரையை முடித்திருக்கலாம். அதே பாஸ்டன் சாலையில் ஓடிய ஒரு தகப்பனாரும் பிள்ளையும் நம்மை முடிக்க விடவில்லை.

ரிக் ஹாய்ட் என்பவர் 1962-ம் வருஷத்தில் பிறந்தார். பிறக்கும்போதே கொப்பூழ்க்கொடி கழுத்தில் சுற்றிக்கொண்டதால் மூளைக்குப் பிராணவாயு போதாமல், கை கால் வசப்படவில்லை, பேச்சும் வரவில்லை. "இவனை ஒரு விடுதியில் சேர்த்துவிட்டு மறந்து விடுங்கள்" என்று வைத்தியர்கள் சொன்னார்கள். டிக் ஹாய்டும் அவர் மனைவி ஜூடியும் குழந்தையை வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். தாயார் உப்புக் காகிதத்தில் எழுத்துக்களை வெட்டி, மகன் விரலை அவற்றின் மேல் தேய்த்து எழுத்தறிவித்தாள். பள்ளிக்கூடங்களோ, பேசத் தெரியாத பையனுக்குப் புத்தி இருப்பதாக எப்படி நம்புவது என்று கதவைச் சாத்தின.

பெற்றோர் டஃப்ட்ஸ் சர்வகலாசாலையின் எஞ்சினீயர்களிடம் போய், பையன் பேச ஒரு யந்திரம் செய்து தரும்படி வேண்டினார்கள். அங்கேயும் அதே சந்தேகம். "ஒரு வேடிக்கைக் கதை சொல்லிப் பாருங்கள்" என்றார்கள் பெற்றோர். கதை சொன்னார்கள். ரிக் சிரித்தான்! அந்தச் சிரிப்பே அத்தாட்சியாயிற்று. 1972-ம் வருஷத்தில் யந்திரம் வந்தது. தலையால் ஒரு விசையைத் தட்டி, எழுத்தெழுத்தாகப் பொறுக்கிப் பேச வேண்டும். முதல் வார்த்தை அம்மாவா, அப்பாவா என்று வீட்டார் ஆவலோடு காத்திருந்தார்கள். பையன் பேசிய முதல் வார்த்தையோ பாஸ்டன் ஹாக்கிக் கோஷ்டிக்கு ஜே போட்டது! பிள்ளைகள் எந்தத் தேசத்திலும் பிள்ளைகள்தாம்.

1977-ம் வருஷத்தில், விபத்தில் உடல் செயலற்றுப் போன ஓர் இளைஞனுக்கு நிதி திரட்ட ஐந்து மைல் ஓட்டம் ஒன்று ஏற்பாடாயிற்று. தானும் அதில் கலந்துகொள்ள வேண்டும் என்று ரிக் கேட்டான். ஓடிப் பழக்கமில்லாத தகப்பனார் மகனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார். கடைசிக்கு முந்தினவர்களாக வந்து சேர்ந்தார்கள். அன்றிரவு மகன் யந்திரத்தின் மூலம், ஓடும்போது தன் உடம்பில் குறையிருப்பதாகவே தோன்றவில்லை என்று தெரிவித்தான். அதைக் கேட்டபின் எந்தத் தகப்பனாரால் சும்மா இருக்க முடியும்? மகன் பள்ளிக்கூடத்தில் இருக்கும் வேளைகளில், நாற்காலியில் ஒரு சிமெண்டு மூட்டையை ஏற்றித் தள்ளிக்கொண்டு ஓடிப் பழகினார்.

பாஸ்டன் அதிகாரிகள் லேசில் இடம் கொடுக்கவில்லை. தகுதி பெற வேண்டுமானால் இருபது வயது மகனுக்குரிய கெடுவுக்குள் ஓட வேண்டும் என்றார்கள். ஓட வேண்டிய கால்களுக்கோ வயது 42. வாஷிங்டனில் 1982-ம் வருஷத்தில் நடந்த பந்தயத்தை 2 மணி 45 நிமிஷ அளவில் முடித்து, அந்தத் தகுதியையும் பெற்றார்கள். மகன் 1993-ம் வருஷத்தில் பாஸ்டன் சர்வகலாசாலையில் பட்டம் பெற்றார். 2013-ம் வருஷத்தில் முடிவுக் கோட்டருகே வெடிகுண்டுகள் வெடித்தபோது, சுமார் ஒரு மைல் மிச்சமிருக்கையில் இருவரும் நிறுத்தப்பட்டார்கள். அதுவே கடைசி ஓட்டம் என்று நினைத்திருந்தவர்கள், முடிக்காமல் விடலாகாதென்று மறு வருஷமும் வந்து முடித்தார்கள். அப்போது தகப்பனாருக்கு வயது 73.

இனி, நம் கதை ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். சில வருஷங்களுக்கு முன், பள்ளிக்கூடச் சேர்க்கை நாளில் ஒரு தாயார் தன் பெண் குழந்தையை அழைத்து வந்தாள். மேஜைக்கு இப்புறம் உட்கார்ந்திருந்தவர் நாம். "உன் பேர் என்ன அம்மா?" என்று கேட்டோம். குழந்தைக்குப் பேச்சு வரவில்லை. "இதற்கென்று வேறு பள்ளிக்கூடம் இருக்கிறது, அம்மா" என்று வெகு மரியாதையாகச் சொல்லி அனுப்பினோம். வாசற்படியில் அந்தக் குழந்தை நம்மைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அப்படித் திருப்பி அனுப்பலாகாது என்று 2016-ம் வருஷத்துச் சட்டம் நம் தேசத்தில் சொல்கிறது. நாம் செய்தது சட்டத்துக்கு முன்பா, பின்பா என்று கணக்குப் பார்த்துத் தப்பித்துக்கொள்ள நமக்கு விருப்பமில்லை. சிரிப்பு அத்தாட்சி என்பது அன்று நமக்குத் தெரியவில்லை.

நம் புதல்வனுக்கு இப்போது பதில் சொல்லலாம். 2003-ம் வருஷத்தில் டிக் ஹாய்டுக்கு லேசான மாரடைப்பு ஏற்பட்டது. ஓடி உரமேறிய உடம்பாக இல்லாதிருந்தால் பல வருஷங்களுக்கு முன்பே காலம் முடிந்திருக்கும் என்று வைத்தியர் சொன்னாராம். அப்படியானால் யார் யாரைத் தள்ளிக்கொண்டு போனார்? தகப்பனாரை ஒரு முறை நாற்காலியில் உட்கார வைத்துத் தாம் தள்ள வேண்டும் என்பதே ரிக்கின் ஆசை. அது நிறைவேறவில்லை. தகப்பனார் 2021-லும் மகன் 2023-லும் காலமானார்கள். ஹாப்கின்டனில், ஓட்டம் புறப்படும் இடத்தருகே இருவருக்கும் சிலை இருக்கிறது.

வருகிற ஜூன் மாதத்தில் நாம் மறுபடியும் அந்தச் சேர்க்கை மேஜைக்கு உட்கார வேண்டும். இம்முறை பெயரைக் கேட்பதற்கு முன்னால், ஒரு வேடிக்கைக் கதை சொல்லிப் பார்ப்பதாக உத்தேசம்.