குக்கர் விசிலுக்கு நடுங்கும் தொழிலாளி! சிப்காட்டுக்கு மனநல ஆலோசகர் வேண்டாமா?

கடலூரில் இருந்து சிதம்பரம் பஸ்சில் ஏறுங்கள். முதுநகர் தாண்டியதும் கண்டக்டர் சொல்ல வேண்டியதில்லை. சிப்காட் வந்துவிட்டது என்று மூக்கே சொல்லிவிடும்!

அந்த ரோட்டோரம் ஒரு டீக்கடை. நைட் ஷிப்டு முடிந்து வந்த தொழிலாளி ஒருவரிடம் பேசிக் கொண்டிருந்தேன். கடைக்குள் குக்கர் விசில் அடித்தது. அவர் கையில் இருந்த டீ தளும்பிக் கொட்டியது.

"ஒண்ணுமில்லீங்க. கூட வேலை பாத்தவரு கண்ணெதிரே வெந்து போனாரு. அதுல இருந்து இப்படித்தான்" என்றார்.

மந்திரித்துத் தாயத்து கட்டியாயிற்றாம். தூக்கம் வரவில்லை. இப்போது தினம் ஒரு குவார்ட்டர். சம்பளத்தில் பாதி அதற்கே போகிறது.

"டாக்டரைப் பாருங்களேன்" என்றேன்.

முறைத்தார். "நான் என்ன பைத்தியமா சார்?"

கணக்கில் வராதவர்கள்

2021 மே 13-ந் தேதி சிப்காட் ரசாயன ஆலை ஒன்றில் வெடிவிபத்து. 4 பேர் பலி. 2025 மே 15-ந் தேதி குடிகாட்டில் சாய ஆலையின் கழிவுநீர் டாங்க் வெடித்தது. ஊரே தூங்கும் நேரத்தில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. சுமார் 20 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

செத்தவர் எத்தனை, காயம் எத்தனை, நஷ்டஈடு எவ்வளவு? நிருபர்கள் இதைத்தான் கேட்போம். நானும் அப்படித்தான். பக்கத்தில் நின்று பார்த்தவன் என்ன ஆனான் என்று யாரும் கேட்பதில்லை.

புத்திமதி அல்ல

கவுன்சலிங் என்றால் புத்திமதி சொல்வது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குத்தான் வீட்டுக்கு வீடு மாமனார் இருக்கிறாரே!

ஆலோசகரின் முதல் வேலை, கேட்பது. குறுக்கே பேசாமல், "இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?" என்று சிரிக்காமல் கேட்பது. பயம் எப்போது வருகிறது, தூக்கம் எப்போது கலைகிறது என்று பொறுமையாக விசாரிப்பார். கோர விபத்தைப் பார்த்தவனுக்கு அதே மாதிரி சத்தமோ வாடையோ வந்தால், ஆபத்து திரும்பி வந்துவிட்டதாக உடம்பு பதறும். அது கோழைத்தனம் அல்ல. காத்து கருப்பும் அல்ல. அது புரிந்தாலே பலருக்கு மூச்சு வரும். பிறகு அந்தப் பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நேரில் சந்திக்கப் பழக்குவார்.

மாத்திரை எழுதுவது அவர் வேலை அல்ல. மருந்து தேவை என்றாலோ, உயிரை விடும் எண்ணம் தெரிந்தாலோ மனநல டாக்டரிடம் அனுப்புவார்.

"மானேஜர் காதுக்குப் போனால் வேலை போய்விடுமே!" இந்தப் பயம் நியாயமானது. 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம், சிகிச்சைக்கு வந்தவரின் விஷயத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சமயம் மட்டுமே விதிவிலக்கு. ஆகவே கம்பெனி சம்பளத்தில் ஆலோசகர் வந்தாலும், அவர் மானேஜரின் ஆளாக இருக்கக் கூடாது.

இது பணக்காரர் சமாச்சாரமும் அல்ல. 2004 சுனாமி இதே கடலூர் கரையில் 600-க்கும் மேற்பட்ட உயிர்களை வாரிக் கொண்டு போனது. அப்போது பெங்களூர் நிம்ஹான்ஸ் நிபுணர்கள் தமிழகக் கடலோரத்துக்கு வந்தார்கள். துக்கத்தில் இருப்பவர்களிடம் எப்படிப் பேசுவது, எப்படிக் கேட்பது என்று ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். மீனவர் குப்பத்துக்கு வந்தது ஆலை வாசலுக்கு வரக் கூடாதா?

ஒன்றைச் சொல்லி விடுகிறேன். டாங்கைச் சரிபார்க்காமல், வாடையை நிறுத்தாமல், "கவுன்சலிங் கொடுத்தாச்சு" என்று முதலாளிகள் தப்பிக்க விடக் கூடாது. பயத்துக்குக் காரணம் இருக்கும்போது பயப்படாதே என்று சொல்வது மோசடி.

சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அதுவும் தூரம் என்றால், 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 இலவச டெலிபோன் சேவை இருக்கிறது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். டீக்கடைக்காரருக்கும் இந்த நம்பர் தெரியவில்லை, கேட்டுப் பார்த்தேன்.

ஆலை கேட்டுகளில் தீயணைப்பு நம்பரும் 108-ம் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கும். அதற்குக் கீழே 14416 என்று ஐந்து எழுத்து சேர்க்க எவ்வளவு செலவாகும்?