பேழைக்கு யார் பணம்?

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 2016 ஜூலையில் திறக்கப்பட்ட ‘ஆர்க் என்கவுன்டர்’ பூங்காவில் 510 அடி நீள நோவாவின் பேழை நிற்கிறது. டைனோசர்களும் அதில் ஏறினவாம்! (கனமழையில் சாலை சேதமுற்றபோது, பிரளயத்தைப் போதிப்போர் இழப்பீடு கேட்டுக் காப்பீட்டு நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தனர்.) அறிவியல் விரோதம் ஒருபுறமிருக்க, வரவு செலவையும் பார்க்க வேண்டும். பூங்காவுக்காக வில்லியம்ஸ்டவுன் நகராட்சி 6.2 கோடி டாலர் கடன் பத்திரங்களை வெளியிட்டது. அதை அடைக்கப் பூங்காவின் சொத்து வரியில் முக்கால் பங்கு திருப்பிவிடப்படுகிறது. அங்கு உழைப்போரின் ஊதியத்திலும் 2 சதவீதம் பிடிக்கப்படுகிறது. முதலாளியின் கடனுக்குத் தொழிலாளியின் கூலி! 1.8 கோடி டாலர் வரையிலான விற்பனை வரிச் சலுகைக்கும் 2016இல் நீதிமன்றம் வழிவிட்டது. இவ்வளவு பொதுப்பணம் பெறும் இடத்தில் வேலை வேண்டுமெனில், மத நம்பிக்கை அறிக்கையில் கையொப்பமிட வேண்டும். பரிணாமத்தை ஏற்கும் கிறித்தவருக்குக்கூட அங்கே வேலை இல்லை.