மயங்கி விழுபவரை ‘மனப்பிரச்சினை’ என்று அனுப்புவதற்கு முன்

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்துக்குப் பிறகு, வீதியோரத்தில் தாய்மார் மயங்கி விழுவது எமக்குப் பழகிப்போன காட்சியாகிவிட்டது. கோயில் திருவிழாவிலும் பாடசாலைக் காலைக்கூட்டத்திலும் இது நடக்கிறது. தண்ணீர் தெளிப்போம், சோடா கொடுப்போம், ஓட்டோ பிடிப்போம். வைத்தியசாலையில் சேலைன் ஏற்றி வீட்டுக்கு அனுப்புவார்கள்.

இரண்டாம், மூன்றாம் முறையும் விழுந்தால் ஒரு பெயர் ஒட்டிக்கொள்கிறது. ‘பிரஷர் குறைவு’ என்பார்கள், ‘வலிப்பு’ என்பார்கள். போரில் பிள்ளையை இழந்தவர் என்றால் ‘யோசிச்சு யோசிச்சு வந்த வருத்தம்’ என்று முடித்துவிடுவார்கள். மூன்றுமே சரியாக இருக்கலாம், மூன்றுமே பிழையாகவும் இருக்கலாம். பிரித்தறியாமல் பெயர் வைப்பதுதான் ஆபத்து.

எழுந்து நிற்கும்போது அரை லீற்றருக்கும் அதிகமான இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. உடனே நரம்புகள் இரத்தக் குழாய்களை இறுக்கி, இதயத் துடிப்பையும் சற்றுக் கூட்டி மூளைக்குப் போகும் இரத்தத்தைக் காப்பாற்றுகின்றன. இந்த ஒழுங்கு தவறினால் சில விநாடிகளிலேயே நினைவு தப்பும். விழுந்து படுத்தவுடன் இரத்தம் மூளைக்குத் திரும்பிவிடும். அதனால் வைத்தியர் பரிசோதிக்கும் நேரத்தில் அழுத்தமும் துடிப்பும் வழமைக்கு வந்திருக்கும். வைத்தியசாலை வாசலை அடையும் முன்பே சாட்சியம் அழிந்துவிடுகிறது.

அந்தச் சாட்சியத்தை வைத்தியரின் கண்முன்னே மீண்டும் வரவழைப்பதுதான் டில்ட் டேபிள் டெஸ்ட் எனப்படும் சாய்மேசைப் பரிசோதனை. இலண்டனைச் சேர்ந்த ரோஸ் ஆன் கென்னியும் சக வைத்தியர்களும் 1986இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இதை எழுதினார்கள். காரணம் தெரியாமல் மயங்கிய 15 பேரில் 10 பேருக்கு மேசையில் மயக்கம் வந்தது. ஒப்பீட்டுக்குச் சேர்த்த 10 பேரில் ஒருவருக்கு மட்டுமே வந்தது.

நோயாளியை மேசையில் பட்டிகளால் கட்டிப் படுக்கவைத்து, பின்னர் 60 முதல் 70 பாகை வரை நிமிர்த்துவார்கள். இருபது நிமிடத்துக்கு மேல் அப்படியே நிற்க வேண்டும். இரத்த அழுத்தமும் ஈசிஜியும் தொடர்ந்து பதிவாகும். தேவைப்பட்டால் நாக்கின் கீழ் நைட்ரோகிளிசரின் கொடுப்பார்கள். மயக்கம் வந்தால் மேசையை உடனே படுக்கவைப்பார்கள், ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும்.

பதிவைப் பார்த்தால் காரணங்கள் பிரிகின்றன. நன்றாக நின்றவரின் அழுத்தமும் துடிப்பும் திடீரென விழுந்தால் அது சாதாரண அனிச்சை மயக்கம். மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 குறைந்தால், நிற்கும்போது வரும் அழுத்தக் குறைவு. முதியோருக்கும் நீண்டகால நீரிழிவுள்ளோருக்கும் பிரஷர் மாத்திரை எடுப்போருக்கும் இது அதிகம். மாத்திரையின் அளவை மாற்றினாலே சிலர் விழுவது நின்றுவிடும்.

இன்னொரு வகையும் உண்டு. கண் மூடி, உடல் தளர்ந்து, அழைத்தாலும் பதில் இல்லை. ஆனால் அழுத்தமும் துடிப்பும் குறையவில்லை, மூளையின் மின்பதிவிலும் மாற்றமில்லை. இது நடிப்பல்ல. தாங்க முடியாத அனுபவங்களுக்கு உடல் காட்டும் ஒரு எதிர்வினை. போரைக் கடந்த சமூகத்தில் இதற்கு இடமிருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் பரிசோதித்து அறிந்து, மனநல சிகிச்சைக்கு மரியாதையுடன் அனுப்புவது ஒன்று. பரிசோதிக்காமலே ‘இவைக்கு உதுதான்’ என்று கைகழுவுவது வேறு.

வலிப்பு என்ற பெயரும் இலேசானதல்ல. சாதாரண மயக்கத்திலும் கைகால் சில விநாடிகள் வெட்டி இழுக்கும். பார்த்தவர்கள் அதை வலிப்பு என்றே சொல்வார்கள். வலிப்பு நோயாளிகளாகக் கணிக்கப்பட்டு, மருந்தெடுத்தும் நிற்காத அல்லது நோய் உறுதியாகாத 74 பேரை இங்கிலாந்தில் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 31 பேருக்கு வேறு காரணம் கண்டறியப்பட்டது. எமது ஊரில் அந்தப் பெயர் ஒரு பெண்ணின் கலியாணப் பேச்சையும் ஒரு இளைஞனின் வேலையையும் எப்படிக் குழப்பும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

முள்ளந்தண்டு வடத்தில் காயப்பட்டவர்களுக்கு இந்த மேசை புதியதல்ல. படுக்கையிலிருந்து மெதுவாக நிமிர்ந்து பழக, உடற்பயிற்சிச் சிகிச்சையில் இதே மாதிரியான மேசையைப் பயன்படுத்துவார்கள். நெஞ்சின் மேற்பகுதிக்கு மேலே வடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு, நிமிரும்போது அழுத்தம் சரிவது நெடுங்காலம் தொடரலாம். அதைப் ‘பலவீனம்’ என்று விட்டுவிடக்கூடாது.

ஒவ்வொரு மாவட்ட வைத்தியசாலைக்கும் சாய்மேசை கேட்பதா எமது முதல் கோரிக்கை? இல்லை. இந்தப் பரிசோதனை பிழையான முடிவையும் தரக்கூடும், எல்லோருக்கும் அவசியமும் இல்லை. முதலில் வேண்டியவை மூன்று: விரிவாகக் கேட்டறிதல், ஈசிஜி, படுத்தும் நின்றும் அளக்கும் இரத்த அழுத்தம். பிரதேச வைத்தியசாலையிலும் இவற்றைச் செய்யலாம். இவற்றுக்குப் பின்பும் காரணம் தெளியாவிட்டால்தான் சாய்மேசை. உடலை வருத்தி வேலை செய்யும்போதோ படுத்திருக்கும்போதோ வந்த மயக்கம், நெஞ்சுப் படபடப்புடன் வந்த மயக்கம், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் ஆகியவை இருந்தால் இதயத்தைத்தான் உடனே பார்க்க வேண்டும்.

கேட்டறிதல் என்பது மொழியோடு சம்பந்தப்பட்டது. ‘தலைச்சுற்று’ என்று நாம் சொல்வது உலகம் சுழல்வதாகவும் இருக்கலாம், கண் இருட்டுவதாகவும் இருக்கலாம். இரண்டும் வேறு வேறு நோய்கள். தமிழ் தெரியாத வைத்தியரிடம் பாதிச் சிங்களத்திலும் சைகையிலும் சொல்லப்படும் கதையில் இந்த வேறுபாடு தொலைந்துபோகிறது. தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பு சொல்கிறது. அது நோயாளியின் கட்டில்வரை வந்தால்தான் பயன். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டுப் போன நிலையில், ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரமும் சுருங்கியிருக்கிறது.

அதுவரை குடும்பங்கள் செய்யக்கூடியதும் உண்டு. விழும்போது என்ன செய்துகொண்டிருந்தார், முகம் வெளிறியதா, எவ்வளவு நேரத்தில் தெளிந்தார், என்னென்ன மாத்திரை எடுக்கிறார் என்று எழுதி வையுங்கள். விழுவதைப் பார்த்தவரையே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். ‘படுத்தும் நின்றும் பிரஷர் பார்த்தீங்களா, டொக்டர்?’ என்று கேளுங்கள். அது கேட்கக்கூடாத கேள்வியல்ல, உங்கள் உரிமை.