கரைவதெல்லாம் மருந்தாகுமா?



தங்கள் இல்லத்து இருமல் மருந்துக் குப்பியைக் கையில் எடுத்துப் பாருங்கள். தெளிந்த நீர்மத்தினுள் பல பொருள்கள் கரைந்து நிற்கின்றன. அவை எவ்வாறு கரைந்தன என்று எப்போதேனும் சிந்தித்ததுண்டா?

மருந்து கெடாதிருக்கச் சேர்க்கப்படும் பென்சாயிக் அமிலத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் தண்ணீரில் அது 0 டிகிரி செல்சியஸில் 1.7 கிராமும், 25 டிகிரியில் 3.4 கிராமும், 100 டிகிரியில் ஏறத்தாழ 56 கிராமும் கரையும். சூட்டில் கரைந்தது குளிரில் படிகமாகி அடியில் தங்கிவிடும். இதனைத் தவிர்க்கவே தண்ணீருடன் வேறொரு கரைப்பானைக் கலக்கின்றனர். ஆல்கஹால் அவற்றுள் ஒன்று. ஆல்கஹால் இல்லாத மருந்துகள் பலவற்றில் புரொப்பிலீன் கிளைக்கால் சேர்கிறது. திருவொற்றியூரை அடுத்த மணலியில் உற்பத்தியாகும் பொருள் அது.

எந்தக் கலவையில் எவ்வளவு கரையும் என்பதை அளந்தே உறுதி செய்ய வேண்டும். மூடிய குடுவையில் கலவைக் கரைப்பானையும், கரையக்கூடியதினும் மிகுதியான அமிலத்தையும் இட்டு, வெப்பம் மாறாத நீர்த்தொட்டியில் மணிக்கணக்கில் குலுக்குவர். இனிக் கரையாது என்ற நிலையில் தெளிவை வடித்து, செறிவறிந்த காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவர். நிறங்காட்டி இளஞ்சிவப்பாகும் சொட்டில் கணக்குக் கிடைத்துவிடும். ஒவ்வொரு வெப்பநிலைக்கும், ஒவ்வொரு கலவை விகிதத்திற்கும் இதையே திரும்பச் செய்வர். காசிமேட்டின் மே மாத வெயிலையும் குளிர்சாதனப் பெட்டியையும் ஒரே குப்பி தாங்க வேண்டுமல்லவா?

ஆயினும், கரைவது வேறு. உடலுக்கு ஏற்பது வேறு. 1937-இல் அமெரிக்காவில் சல்பனிலமைடு மருந்தை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றனர். நிறம், மணம், சுவை அனைத்தையும் சோதித்தவர்கள், அது நஞ்சா என்று மட்டும் சோதிக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அந்தப் பாடம் 2025-இலும் மறக்கப்பட்டது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் மருந்து அருந்திய இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். மருந்து தயாரானது நமது காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் அதே நஞ்சு 48.6 விழுக்காடு இருந்ததாகத் தமிழக அரசின் ஆய்வு கூறிற்று. அனுமதிக்கப்பட்ட எல்லையோ 0.1 விழுக்காடு. இவ்விரு கிளைக்கால்களும் நிறமற்றவை. கண்ணால் பிரித்தறிய இயலாது, ஆய்வுக்கூடமே அறியும்.

தாய்மார்களே! இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இருமல், சளி மருந்து கூடாது. ஐந்து வயது வரையிலும் பொதுவாக வேண்டாம் என்பது 2025-இல் மத்திய அரசு விடுத்த அறிவுரை. மருந்து கொடுத்தபின் குழந்தைக்கு வாந்தி கண்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, குப்பியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.