பின்னால் எதற்கு பெல்ட்?

"பத்து நிமிஷ வேலைதானே அண்ணாச்சி, பின்னால் வேறு எதற்குக் கட்டிக்கொண்டு?"

கேட்டிருக்கக் கூடாதுதான். கேட்டுவிட்டேன். மான்குர்த்தில், காட்கோபர் இணைப்புச் சாலையோரம் ஒரு சின்ன மெக்கானிக் கடை. என் புல்லட்டுக்குப் பின் டயர் மாற்ற வேண்டும். பகல் 12 மணிக்கு வாஷியில் ஒருவரைப் பார்க்க வேண்டும். 1992இல் ரயில் கழிமுகத்தைத் தாண்டி வாஷிக்குப் போகும்வரை ஹார்பர் லைனில் மான்குர்த்தான் கடைசி ஸ்டேஷன். இப்போது இது எல்லோரும் அவசரமாகக் கடந்து போகிற இடம். நானும் அந்த ஜாதிதான்.

அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கம். முப்பது வருஷம் தரையில் குந்தியே வேலை பார்த்து முட்டி தேய்ந்துபோனதால், கடன் வாங்கி ஒரு லிஃப்ட் மேசை வாங்கியிருக்கிறார். காலால் மிதித்தால் எண்ணெய் அழுத்தத்தில் இடுப்புயரத்துக்கு எழும்பும். வண்டியை ஏற்றி, முன்சக்கரத்தை இரும்புக் கிளாம்ப்புக்குள் தள்ளி, மெயின் ஸ்டாண்டும் போட்டாயிற்று. இதற்குமேல் என்ன கட்டு என்பது என் நினைப்பு.

அவர் எனக்குப் பதில் சொல்லாமல் உதவிக்கு நின்ற பையனிடம், "நீ கட்டுப்பா" என்றார்.

பையன் முதலில் முன்பக்கம் இரண்டு பெல்ட் போட்டான். ஹேண்டில்பாரில் மாட்டவில்லை, அது திரும்பும், கேபிள் நசுங்கும். ஃபோர்க்கின் இரண்டு குழல்களையும் சேர்த்துப் பிடிக்கிற இரும்பில் சுற்றி, இடமும் வலமுமாக, கொஞ்சம் முன்னோக்கிச் சாய்த்து மேசை வளையங்களில் கொக்கியை மாட்டினான். ராட்செட்டை ஒரு பக்கம் இரண்டு சொடுக்கு, மறுபக்கம் இரண்டு சொடுக்கு. ஃபோர்க் சற்று அமுங்கியதும் நிறுத்திக்கொண்டான். அமுங்காமல் விட்டால், வண்டி குலுங்கும்போது பெல்ட் ஒரு கணம் தளர்ந்து கொக்கி கழன்றுவிடும். அடிவரை அமுக்கினால் ஆயில் சீலுக்கு ஆகாது என்றார் அண்ணாச்சி.

பிறகு பின்பக்கம் இரண்டு. அப்போதுதான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டது.

எனக்கு இந்தச் சாமானோடு பழைய உறவு உண்டு. ஒருமுறை ஒரு இயந்திரக் கையேட்டை மொழிபெயர்க்கும்போது, இதற்குக் 'கீழிழுப்புப் பட்டை' என்று எழுதிக் கொடுத்தேன். படித்த மெக்கானிக் சிரித்தார். "பெல்ட்டுன்னு போடுங்க சார்." எம்.ஏ. தமிழில் 'பிணித்தல்' என்றால் கட்டுதல் என்று படித்தவன் நான். நோய்க்கும் 'பிணி' என்றுதான் பெயர். அன்றைக்கு அது நினைவுக்கு வந்ததற்குக் காரணம் அண்ணாச்சியின் இடது கால்.

2019இல் வேறொரு கடையில் கூலிக்கு இருந்தார். அங்கேயும் லிஃப்ட் மேசை, அங்கேயும் பின்சக்கர வேலை. வாடிக்கையாளர் வாசலில் நின்று வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். முன் பெல்ட் இரண்டு மட்டும் போட்டார்கள். கடலோர ஊர், உப்புக் காற்றில் ஆக்ஸில் துருப்பிடித்து இறுகியிருந்தது. சுத்தியலால் அடிக்க அடிக்க, முன்சக்கரம் கிளாம்ப்பில் அப்படியே நிற்க, வால்பக்கம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கிறது. மேசையின் அகலம் எவ்வளவு இருக்கும்? இரண்டு அடி. ஸ்டாண்டின் ஒரு கால் விளிம்பைத் தாண்டியதுதான் தெரியும். 190 கிலோவுக்குப் பக்கமான வண்டி கணுக்காலில் விழுந்தது.

"பெல்ட்டு அறுந்துச்சா?" என்று கேட்டேன்.

"பெல்ட்டு நல்லாத்தான் இருந்துச்சு சார். முன்னால ரெண்டும் கடைசிவரை விடலை. பின்னால போட்டிருந்தாத்தானே பிடிக்கும்?"

ஏற்றி நிறுத்தும்போது வண்டியின் பாரம் இருக்கிற இடம் வேறு, வேலை நடக்கும்போது இருக்கிற இடம் வேறு. சக்கரத்தைக் கழற்றினால் மாறுகிறது. எஞ்சினை இறக்கினால் மொத்தமாகவே மாறுகிறது. நிற்கிற வண்டியைப் பார்த்துக் கட்டினால் போதாது, கழற்றப்போகிற வண்டியை நினைத்துக் கட்ட வேண்டும். இதை எனக்கு எந்தக் கையேடும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. மொழிபெயர்த்தவனே சொல்கிறேன்.

அறுவை சிகிச்சை, நான்கு மாதம் படுக்கை. அந்த நான்கு மாதமும் கூலி கிடையாது. கடைக்காரர் ஒருமுறை வந்து பழம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

பையன் இதற்குள் மேசையை உயர்த்தி, பூட்டுக் கம்பியைச் செருகிவிட்டான். எண்ணெய் கசிந்தாலும் மேசை இறங்காது. பெல்ட்டில் தைத்திருந்த சீட்டைக் காட்டினார் அண்ணாச்சி. அதில் இரண்டு எண்கள். பெரியது அறுந்துபோகிற பாரம். சிறியது, ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்கு, நாம் நம்பக்கூடிய பாரம். முடிச்சுப் போட்டாலோ, ஓரம் கிழிந்திருந்தாலோ அந்தக் கணக்கும் செல்லாது. வெயிலில் கிடந்து வெளுத்த பெல்ட்டை அவர் வைத்துக்கொள்வதில்லை.

ஆக்ஸில் என் வண்டியிலும் இறுகித்தான் இருந்தது. சுத்தியல் விழும்போதெல்லாம் பின் பெல்ட்டுகள் இரண்டும் விறைத்து விறைத்து நின்றன. நான் வாட்சைப் பார்க்கவில்லை.

முடிய முக்கால் மணி நேரமாயிற்று. பில்லில் டயர், ட்யூப், மாற்றுக் கூலி. கட்டுவதற்கும் அவிழ்ப்பதற்கும் ஆன நேரத்துக்கு எதுவும் போடவில்லையே என்றேன்.

"அதுக்குக் காசு கேட்டா அடுத்த கடைக்குப் போயிருவாங்க சார்" என்றார். பையன் நான்கு பெல்ட்டையும் சுருட்டி, வெயில் படாத உள்சுவர் ஆணியில் மாட்டினான்.