மூணாவது ஓட்டைக்குப் பின்னாடி என்ன இருக்கு?

இங்கே நண்பர் ஒருத்தர் ஊருக்கு கீசர் வாங்கப் பணம் அனுப்பினார். தேவிகுளம் பக்கம் வீடு. அந்தக் குளிரில் வயசான அம்மா பச்சைத் தண்ணியில குளிக்க முடியுமா? நல்ல விஷயம்தான். "வீட்ல எர்த் இருக்கா?"ன்னு கேட்டேன். "மூணு பின் பிளக்தானே, இருக்குமே"ன்னார்.

இந்த "இருக்குமே"தான் எனக்குப் பயம். சுவத்துல மூணு ஓட்டை இருக்கும். மேல் ஓட்டைக்குப் பின்னாடி கம்பி இருக்கான்னு கழட்டிப் பார்த்தவங்க எத்தனை பேர்? பல பழைய வீட்டுல ரெண்டு கம்பிதான் ஓடும். சில வயர்மேனுங்க நியூட்ரல்லேர்ந்து ஒரு துண்டு வயரை எர்த் முனைக்கு இழுத்து விட்டுடுவாங்க. டெஸ்ட் லாம்ப் ஜோரா எரியும்! என்னைக்காவது அந்த நியூட்ரல் அறுந்தா ஃபிரிட்ஜ் உடம்பு முழுக்க 230 வோல்ட்.

சரி, எர்த் குழி இருக்கிற வீடு? சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஏப்ரல் வெயிலுக்கு மண்ணு காய்ஞ்சு போயிடும். குழியில தண்ணி ஊத்தணும்னு யாருக்கு ஞாபகம்? இடுக்கி மலையில வேற கதை. இரண்டரை மீட்டர் பைப் இறங்கணும், மூணடியில பாறை தட்டினா அதோட முடிச்சுடுவாங்க. குழியோட தடை 50 ஓம்னு வைங்க. கீசர்ல ஃபேஸ் கம்பி உடம்பைத் தொட்டா, 230-ஐ 50-ஆல வகுத்தா 4.6 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. குழாயைத் திறக்கிற கைக்குத்தான் ஷாக்.

இதுக்குத்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (நம்மூர்ல இன்னும் இ.எல்.சி.பி.தான்). அந்த 4.6 ஆம்பியருக்கு உடனே விழுந்துடும். ஆனா மழைக்காலத்துல சும்மா சும்மா விழுதுன்னு அதை விட்டுட்டு நேரா வயரைக் கட்டிடறாங்க. விழுதுன்னா எங்கேயோ கசியுதுங்க! அதோட டெஸ்ட் பட்டன் அந்தக் கருவியை மட்டும்தான் சோதிக்கும், எர்த்தை இல்லை.

என் கட்சி இதுதான்: கீசருக்கு முன்னாடி, லைசென்ஸ் உள்ள வயர்மேன் எர்த் டெஸ்டர் வச்சு குழியை அளக்கறதுக்குப் பணம் அனுப்புங்க. எஸ்டேட் லயத்துல இருக்கிறவங்க மேனேஜ்மெண்ட்கிட்ட எழுத்துல கேளுங்க, வயரிங் அவங்க பொறுப்பு. அளக்கறதையும் ஏப்ரல்ல அளக்கச் சொல்லுங்க. ஜூலை மழையில அளந்தா எல்லாக் குழியும் நல்ல பிள்ளைதான்.